என் கல்யாணத்துக்கு வராத கார்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அண்ணனின் சிநேகிதர்களுக்கும், ஆமத்தூர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். இதை எழுதுவது அண்ணனின் ஒரே தங்கை, காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள்.

மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் மனைவி, என் மதினி, சொன்னபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சண்டை போட்டவள் புகழ்ந்து எழுதினால் ஊர் சிரிக்கும் என்றேன். மதினி விடவில்லை. "சண்டை போட்டவதான் உள்ளத எழுதுவா. மத்தவுக எல்லாம் நல்லவர் வல்லவர்னு நாலு வரியில முடிச்சிருவாக" என்று சொல்லி, ஒரு குயர் காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். மறுத்துப் பேச எனக்கும் தெம்பில்லை. இந்த ஒரு வருடமாக எதற்குமே தெம்பில்லை.

ஊரறிந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு அண்ணனின் கார் வரவில்லை. யார் யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்கெல்லாமோ போன கார், கூடப் பிறந்தவள் மணப்பெண்ணாகப் புறப்பட்ட அன்று சக்கரம் அசையவில்லை. அதற்காக எட்டு வருடம் நான் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்தால் "வாங்கண்ணே" என்பேன், "சாப்பிட்டீகளா" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கார் ஏன் வரவில்லை என்பது அண்ணன் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் ஆமத்தூரில், கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. அதற்கும் பின் தங்கியவள் நான். எங்களுக்குள் பதினோரு வயது வித்தியாசம். என்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அம்மாவின் இடுப்பு, பாதி அண்ணனின் தோள். விருதுநகரில் பள்ளி இறுதி வகுப்பு வரை சைக்கிளில் போய்ப் படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. காட்டை யார் பார்ப்பது என்று அப்பா ஒரே கேள்வி கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருடத்தில், மதுரையில் ஒரு மில் அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற அமெரிக்கக் காரை அப்பா வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் காருக்குப் பிளசர் என்றுதான் பெயர். இது வந்ததும் மற்றதெல்லாம் பிளசர், இது மட்டும் பெரிய பிளசர் என்று ஆகிவிட்டது. மாம்பிஞ்சுப் பச்சை நிறம். முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டியே படுக்கலாம். கியர்த் தடி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொழுவத்தில் இரண்டு மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு அங்கே நிறுத்தப் பார்த்தார்கள். மூக்கு உள்ளே போனால் வால் வெளியே நின்றது. அப்பா பின் சுவரை இடித்தார். அம்மாவுக்கு அந்தச் சுவர் விஷயத்தில் கடைசிவரை வருத்தம்தான்.

காரோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. அட்டையில் கலர்ப் படம். அதே கார், அதே பச்சை. உள்ளே ஒரு வெள்ளைக்கார அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். நாய் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு பேரும் ஒரு நாயும் போறதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டியா" என்று அம்மா கேட்டார். எங்கள் வீட்டில் அப்போது சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒன்றாக ஏறி இருக்கன்குடிக்குப் போய் முடி இறக்கி வந்தோம். அந்த இரண்டு வருடம்தான் அதைக் குடும்பக் கார் என்று சொல்லக்கூடிய காலம்.

அப்பா திடீரென்று போய்விட்டார். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை இல்லை. சித்தப்பா பங்கைப் பிரித்துக்கொண்டு விருதுநகர் போனார். இருபத்திரண்டு வயதில் அண்ணன் தலையில் காடு, கடன், அம்மா, நான், அந்தக் கார் எல்லாம் சேர்ந்து விழுந்தது. காரைப் பருத்திக் குடோனில் தள்ளி மூடினோம். விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் கிடையாது. வாங்குகிறேன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் அது. ஒரு திருகாணி உடைந்தால்கூட மாற்றுக்கு வழியில்லாத வண்டியை யார் வாங்குவார்கள்?

மூன்று வருடம் கழித்துப் பருத்தி வைக்க இடம் வேண்டியிருந்தது. காரைத் தள்ளினோம், நகரவில்லை. நகர்த்துவதற்காகத்தான் அண்ணன் முதலில் அதில் கை வைத்தார். அப்பாவின் நினைவு, குடும்ப மானம் என்று பிற்பாடு ஊர் என்னென்னவோ சொன்னது. உண்மை இதுதான். குடோன் காலியாக வேண்டும்.

கை வைத்தவர் எடுக்க முடியவில்லை. விருதுநகரில் பஸ் பட்டறையில் வேலை பார்த்த செல்லையா, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இருவரும் குடோன் தரையில் காரைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பினார்கள். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வண்டியின் குலுக்கலைத் தாங்குகிற வில் பட்டை உடைந்திருந்தது. அதை, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற ஆசாரி காய்ச்சி அடித்துக் கொடுத்தார். இன்ஜின் மூடியின் அடியில் வைக்கிற அட்டையைத் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டருக்குப் போடுகிற அட்டையிலிருந்து வெட்டினார்கள். துருப்பிடித்த பம்பருக்கு, மத்தாப்புக்குப் போடுகிற வெள்ளிப் பொடியை வார்னிஷில் குழைத்துப் பூசினார்கள். அது பகலில் கண்ணைக் கூச வைத்தது. கதவுகளுக்கு உப்புத்தாள் தேய்த்தது நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின் கதவுக்கு அருகே உட்கார்ந்து, விரல் நுனி எரியும்வரை தேய்ப்பேன்.

பெயிண்டு விஷயத்தில்தான் அண்ணன் ஏமாந்தார். படத்தில் உள்ள பச்சை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பட்டாசு லேபிள் அச்சடிக்கிற இடத்தில் அந்தப் பச்சை அப்படியே இருந்தது. டப்பா டப்பாவாக மையை வாங்கி வந்து பூசினார். கார் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. மறு வாரமே ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார்கள், கொடுத்தார். வெள்ளைப் பட்டு ஜிப்பாவோடு கதவில் சாய்ந்து நின்ற மாப்பிள்ளை, இறங்கும்போது பாதி உடம்பு கிளி மாதிரி இருந்தார். மாலை போட வந்த மாமனார் கையிலும் பச்சை. செல்லையா தலையில் அடித்துக்கொண்டார். "காகிதம் மையைக் குடிக்கும், தகரம் குடிக்குமா அண்ணாச்சி? ஏழு நாளா அது காயவே இல்ல." அண்ணன் ஒரு வாரம் திருத்தங்கல் பக்கம் தலை காட்டவில்லை. மையைச் சுரண்டி எடுத்து மறுபடி உப்புத்தாள் தேய்த்தவளும் நான்தான்.

அதற்குப் பிறகும் கல்யாணத்துக்குக் கேட்பது நிற்கவில்லை. பெரிய பிளசர் வந்தால்தான் மாப்பிள்ளை அழைப்பு களை கட்டும் என்று ஒரு பேச்சு ஏற்பட்டுவிட்டது. ஆமத்தூரில் கேட்பார்கள், சிவகாசியில் கேட்பார்கள். பெட்ரோல் ஊற்றிக்கொண்டால் போதும் என்று அண்ணன் அனுப்புவார். அனுப்புவது என்ன, அவரே ஓட்டிப் போவார். பானெட்டின் மேல் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். பட்டாசு ஊர் அல்லவா, சக்கரத்துக்கு அடியிலேயே சரவெடியைக் கொளுத்திப் போடுவார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பின்னும் ஏதாவது ஒன்று உடைந்து, அதைச் சரிபண்ண ஒரு வாரம் ஆகும். "காரை வச்சிருக்கேன்னு சொல்றாக. கார்தான் என்னைய வச்சிருக்கு தாயி" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் மறுநாள் சாக்கை விரித்துவிடுவார்.

என்னிடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நான் உப்புத்தாள் தேய்த்த கைகளைக் காட்டி அழுத ஒரு சாயங்காலம் அது. "ஒன் கல்யாணத்துக்கு இதப் படத்துல இருக்கிற மாதிரியே ஆக்கிருவேன். பின் சீட்ல ஒன்னைய மட்டும் ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன். வேற ஒரு ஆள ஏத்த மாட்டேன்" என்றார். சின்னப் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். நான் அதை மறக்கவில்லை.

காரியாபட்டிச் சம்பந்தம் முடிவானது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் என்பது வழக்கம். பெண்ணை இங்கிருந்து அழைத்துப் போக வேண்டும். எனக்கு மாமியாராக வந்தவர் சகுனம் பார்ப்பதில் கெட்டி. பூனை குறுக்கே போனால் அன்று கடைக்கு ஆள் அனுப்பமாட்டார். இப்போது அவர் காலமாகிவிட்டதால்தான் இதை அச்சில் எழுதத் துணிகிறேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில், பத்திரிகை வாங்கி வருகிறேன் என்று அண்ணன் காலையில் காரில் திருத்தங்கல் போனார். மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். கையில் பத்திரிகை இல்லை. அச்சகத்தில் தாமதம் என்றார். பத்து நாள் கழித்து வந்தது. ரோஸ் நிறத்தில் கேட்டிருந்தேன், மெலிந்த பச்சைத் தாளில் வந்தது. என்னோடு படித்தவர்களுக்குத் தபால் போய்ச் சேரும்போது நான் மறுவீடே வந்துவிட்டேன்.

புறப்பட வேண்டிய நாள் காலையில், தலை நிறையப் பூவோடு வெளியே வந்து பார்க்கிறேன். குடோன் வாசலில் சாக்கின் மேல் கியர்ப் பெட்டி பிரித்துப் பரப்பிக் கிடக்கிறது. அண்ணன் கை முழுக்கக் கிரீஸ். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. "கியர் போச்சு தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பருத்தி விதை ஏற்றுகிற லாரி ஒன்றைச் செல்லையா பேசி வைத்திருந்தார். முகூர்த்தப் பட்டு உடுத்திக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காரியாபட்டி போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது புடவைக் கரையில் பருத்தி விதை ஒட்டியிருந்தது. இன்றைக்கும் எங்கள் தெருவில் என்னை லாரியில் வந்த பெண் என்றுதான் அடையாளம் சொல்வார்கள். முதலில் அழுதேன், பிறகு சிரித்துக்கொள்ளப் பழகினேன். அண்ணனை மட்டும் மன்னிக்கவில்லை.

முதல் குழந்தை பிறந்து பத்தொன்பது நாளில் தவறிவிட்டது. அண்ணன் வந்தார். முற்றத்து ஓரமாக ஒரு மணி நேரம் நின்றார். ஏதோ சொல்ல வருவதுபோல் இரண்டு முறை கிட்டே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்விட்டார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கார் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் கியர் சரியில்லை என்றே சொன்னார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு, அதன் மேல் தென்னைநார் மெத்தை விரித்தார். சுற்று வட்டாரத்தில் பட்டாசு வேலையில் யாருக்காவது தீக்காயம் பட்டால், பிரசவம் சிக்கலானால், பாம்பு கடித்தால், ஆமத்தூருக்கு ஆள் ஓடி வரும். அண்ணன் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவார். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போயிருப்பார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. திரும்பி வந்து அவரே பலகையைக் கழுவுவார். எட்டு வருடத்தில் ஒரே ஒருமுறை நான் அண்ணனிடம் வாய் திறந்தேன். தாய்வீடு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, வீட்டு ஆளுக ஒண்ணாப் போகணும்னு வாங்குன வண்டி. இப்படிப் பாடை மாதிரி ஆக்கிட்டீகளே" என்று கேட்டேன். அம்மா என்னை அதட்டினார். அண்ணன் ஈரத் துணியைப் பிழிந்தார்.

நாற்பது வயது தாண்டியதும் அவருக்கு உடம்பு விட்டுப்போயிற்று. மஞ்சள் காமாலை முற்றி, வயிறு வீங்கி, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றானபோது அந்தக் கார் கிளம்பவில்லை. ஊரையெல்லாம் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்த வண்டி, அவருக்கு ஓடவில்லை. செல்லையா இரண்டு மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு அதன் சக்கரத்திலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் போனோம். மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அண்ணன் ஜன்னல் ஓரம். கள்ளிக்குடி தாண்டும்வரை பேசவில்லை. பிறகு சிரித்தார். "பஸ்ல போறது எம்புட்டு நிம்மதி. எது ஒடஞ்சாலும் நான் எறங்கிப் பாக்க வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "தாயி, ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வருத்தப்பட வேண்டியவள் நான், இவர் எதற்கு என்னை மன்னிக்கிறார் என்று நினைத்தேன். ஆறாம் நாள் அண்ணன் போய்விட்டார். தினமும் அந்தப் பஸ்ஸில் நான் மறுபடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள், மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. செல்லையா மட்டும் எழுந்து போய், "வாங்க சீனியம்மா" என்றார். திருத்தங்கலிலிருந்து வந்தவர். அண்ணன் படத்தை வணங்கிவிட்டு, இந்த வீட்டுப் பெண் யார் என்று கேட்டு என்னிடம் வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

என் கல்யாணப் பத்திரிகை. ரோஸ் நிறம். நான் கேட்ட அதே ரோஸ். ஓரங்கள் ஒடிந்து, மடித்த இடம் கிழிந்திருந்தது. ரோஸ் நிறத்தில் பத்திரிகை அடிக்கப்பட்டதே எனக்குத் தெரியாது.

"இதுல இருக்கிற பொண்ணு நீதானா தாயி?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எம்மக சண்முகத்தாய்க்கு அப்ப ஒன் வயசுதான் இருக்கும். பட்டாசுல மருந்து அடைக்கிற வேல. வெடிச்சிருச்சுன்னு ஓடுறேன், ரோட்டுல போட்டுருக்காக. ரெண்டு லாரி நிக்காமப் போயிருச்சு. பெரிய பிளசர் ஒண்ணு வந்துச்சு. ஒங்க அண்ணன்தான் நிப்பாட்டி எறங்குனாக. பின் சீட்ல வாழ எல விரிச்சு அவளப் படுக்க வச்சாக. நான் கீழ ஒக்காந்துக்கிட்டேன். எரியுது எரியுதுன்னா. விசிறக் கையில ஒண்ணும் இல்ல. தம்பி முன் சீட்ல இருந்த பத்திரிகக் கட்டப் பிரிச்சு, இத வச்சு விசிறுங்கம்மான்னு இதக் குடுத்தாக."

அவர் அந்தத் தாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"கள்ளிக்குடி தாண்டி அவ சத்தம் நின்னுபோச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். தம்பி கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தாக, ஒரு வார்த்த சொல்லல. நான் மதுரை வரைக்கும் விசிறிக்கிட்டே வந்தேன். அங்கன போய் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவுகளுக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டுருக்காக. மறுநாளு எந்த வண்டிக்காரனும் ஏத்த மாட்டேன்னுட்டான். ஒங்க அண்ணன் ராத்திரி பூரா அங்கனயே இருந்து, அதே பிளசர்ல எம்மகளத் திருத்தங்கலுக்குக் கொண்டாந்து எறக்குனாக. அதுக்கப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி, ஊரே வெடி போடுற நேரத்துல, எங்கூட வந்து ஒக்காந்திருப்பாக. இந்த வருசம் வரல. வெசாரிச்சா இப்படின்னாக."

தீபாவளிக் காலையில் அண்ணன் வீட்டில் இருப்பதில்லை என்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டது எனக்கு நினைவு வந்தது.

மற்றதைச் செல்லையா சொன்னார். சாவு ஏறிய வண்டியில் கிடந்த பத்திரிகையை மங்கல காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அண்ணன் அந்தக் கட்டைக் கல் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். அச்சகத்தில் மறுபடி அடிக்கச் சொன்னார். ரோஸ் தாள் தீர்ந்துபோயிருந்தது. விஷயம் காரியாபட்டிக்கு எட்டினால் மாமியார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. "நான் சொன்னேன் அண்ணாச்சிகிட்ட. சீட்டக் களுவியாச்சு, துணி மாத்தியாச்சு, யாருக்குத் தெரியப்போகுது, தங்கச்சிய ஏத்திட்டுப் போங்கன்னேன். அதுக்கு, அந்தப் பிள்ள படுத்த எடத்துல எந்தங்கச்சி ஒக்காந்தா, கண்ணாடியில எனக்கு ரெண்டு பேரும் தெரிவாகடா, என்னால ஓட்ட முடியாதுன்னாரு. நல்லா இருந்த கியர்ப் பெட்டிய அவரே பிரிச்சுப் போட்டாரு."

குழந்தை தவறியபோது சொல்ல வந்திருக்கிறார். அந்த வீட்டில், அந்த நேரத்தில், என் கல்யாணத்துக்கு முன்னால் நம் காரில் ஒரு சாவு நடந்தது என்று எப்படிச் சொல்வார்? பழி அத்தனையும் என் தலையில் அல்லவா வந்து விடிந்திருக்கும். எனக்கு அது நேரக்கூடாது என்று, என் கோபத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு எட்டு வருடம் நடந்திருக்கிறார். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா கண்டிப்பா நிறுத்தியிருப்பாக" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒரு வருடமும் மாதம் ஒருமுறை ஆமத்தூர் வந்தேன். செல்லையாவும் நானும் காரைப் பிரித்தோம். பலகையைக் கழற்றினோம். கழற்றிய சீட்டை அண்ணன் சாக்கில் சுற்றி, எலி ஏறாமல் குடோன் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மதினி அதற்குப் புதுத் துணி தைத்தார். பின் கதவை நான் மறுபடியும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பதினான்கு வயதில் தெரியாத முதுகு வலியெல்லாம் இப்போது தெரிகிறது. இந்தத் தடவை மை இல்லை, முறையான பெயிண்டு. படத்தில் உள்ள பச்சை அமையவில்லை, கொஞ்சம் கருத்துவிட்டது. இருக்கட்டும்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைக் கடைசி ஆறு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், காட்டு வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்களுக்கும், கிட்டத்தட்ட இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளை எங்கள் குடோன் தரையில் கழித்த செல்லையாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் பத்திரிகையை இரண்டு தடவை அடித்துக்கொடுத்து, காரணத்தை இத்தனை வருடம் வெளியே விடாத திருத்தங்கல் அச்சகத்தாருக்கும் நன்றி. இந்த மலரை அச்சடிப்பதும் அவர்கள்தான். அட்டைக்கு ரோஸ் தாள் கேட்டிருக்கிறேன்.

அன்று சீனியம்மாள் அந்தப் பத்திரிகையை என் கையில் வைத்து, "ஒன் கல்யாணப் பத்திரிக தாயி, நீயே வச்சுக்கோ" என்றார். என் பெயர் இருந்த பக்கம், பிடித்துப் பிடித்து எழுத்து அழிந்துபோயிருந்தது. "இது ஒங்க மக விசிறிம்மா. நீங்களே வச்சிருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நினைவு நாளன்று காலையில் பெரிய பிளசர் சீனியம்மாளை அழைத்து வரத் திருத்தங்கல் போகிறது. செல்லையா ஓட்டுவார். பின் சீட்டில் நான் போகிறேன், வேறு யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அந்தச் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால் நான் இறங்கித் தள்ளுகிறேன், அண்ணே. நீங்க எறங்க வேண்டாம்.